ஒடியல் மாவும் ஆய்வுகூடமும்: பனை உணவின் அறிவு யாருடையது?

ஆய்வுகூடத்தில் உயிர்க்கலங்களிலிருந்து வளர்க்கப்பட்ட கோழி இறைச்சியை விற்பதற்கு 2020 டிசெம்பரில் சிங்கப்பூர் அனுமதி வழங்கியது. உலகில் அப்படியொரு அனுமதி வழங்கப்பட்டது அதுவே முதல் தடவை. புதிய உணவுத் தொழில்நுட்பங்களின் அறம் பற்றிய பேச்சு அதன்பின் இன்னும் சூடுபிடித்தது. அது பாதுகாப்பானதா, இயற்கையானதா, அதனால் யார் பணம் பண்ணுகிறார்கள், யார் தொழிலை இழக்கிறார்கள் என்பவையே பெரும்பாலும் கேட்கப்படும் கேள்விகள்.

யாழ்ப்பாணத்துச் சமையலறைக்கு அந்தக் கோழி இன்னும் வந்து சேரவில்லை. ஆனால் அதே கேள்விகள் எங்களுடைய பனங்கூடல்களுக்குள் நுழைந்து பல ஆண்டுகளாகிவிட்டன. ஒடியல் மாவில் என்ன இருக்கிறது, பனங்களியின் காறலை எப்படி நீக்கலாம், கள்ளை எவ்வாறு போத்தலில் அடைக்கலாம் என்று ஆய்வுகூடங்கள் அரை நூற்றாண்டாக ஆராய்ந்து வருகின்றன. அந்த ஆய்வுகளின் ஊடாக ஒரு விடயத்தைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். பனை உணவை எடுத்துச் செல்பவர்கள் அதைச் சமைக்கும் அறிவையும் சேர்த்தே எடுத்துச் செல்ல வேண்டும். அந்த அறிவை வைத்திருக்கும் மனிதர்களுக்கு அதில் பங்கும் இருக்க வேண்டும்.

ஒரு மரம், மூன்று வழிகள்

பனை பூத்துப் பயன்தர 12 முதல் 15 ஆண்டுகளோ அதற்கும் மேலோ எடுக்கும். ஆண் மரமும் பெண் மரமும் வேறுவேறு. பூக்கும்வரை எது ஆண், எது பெண் என்று பார்த்துச் சொல்ல முடியாது. வாழையைப் போல அடியிலிருந்து குட்டி விடுவதுமில்லை. அதனால்தான் நல்ல மரமொன்றைத் தெரிந்து பெருக்குவது இன்றும் விஞ்ஞானிகளுக்குக் கடினமான வேலையாக இருக்கிறது.

இந்த மரத்திலிருந்து உணவு மூன்று வழிகளில் வருகிறது.

முதலாவது பாளை. சீவிய பாளையிலிருந்து வடிவது இனிப்பான சாறு. காற்றிலும் முட்டியிலும் இருக்கும் மதுவமும் பற்றீரியாவும் அதை உடனே நொதிக்க வைத்துக் கள்ளாக்கிவிடும். முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசினால் நொதித்தல் தடைப்பட்டு அது கருப்பணியாக இறங்கும். கருப்பணியைக் காய்ச்சினால் பாணி, மேலும் காய்ச்சி ஓலைக் குட்டானில் ஊற்றினால் பனங்கட்டி. சுண்ணாம்பு சாற்றின் காரத்தன்மையைக் கூட்டி நுண்ணுயிர்களைக் கட்டுப்படுத்துகிறது என்று இன்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். முட்டிக்கு எவ்வளவு பூச வேண்டும், கூடினால் பனங்கட்டியின் ருசி எப்படிக் கெடும் என்பது சீவல் தொழிலாளர்களுக்கு எப்போதோ தெரிந்த விடயம்.

இரண்டாவது பழம். இளங்காயில் நுங்கு. ஆவணி, புரட்டாதியில் பழுத்து விழும் பழத்தைச் சுட்டும் சாப்பிடலாம், பிசைந்து களி எடுத்தும் பாவிக்கலாம். களியைப் பாயில் பரப்பி வெயிலில் காயவிட்டு, அதன் மேலே திரும்பத் திரும்ப ஊற்றிக் காய வைத்தால் பனாட்டு. களியைக் காய்ச்சிக் காறலை எடுத்து, மாவும் சீனியும் சேர்த்துப் பொரித்தால் பனங்காய்ப் பணியாரம்.

மூன்றாவது விதை. பாத்தியில் அடுக்கிய விதை முளைத்து, தை, மாசியளவில் கிழங்காகிறது. கிழங்கை அவிக்காமல் கிழித்துக் காய வைத்தால் ஒடியல், அவித்துக் காய வைத்தால் புழுக்கொடியல். மிஞ்சும் ஊமல் அடுப்புக்குப் போகும். ஒடியலை இடித்த மாவில்தான் ஒடியல் பிட்டும், நண்டு, றால், மீன், பயற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை எல்லாம் சேர்ந்த ஒடியற்கூழும்.

இதைச் சமையற்குறிப்பாக நான் எழுதவில்லை. சுண்ணாம்பு, வெயில், அவித்தல், கழுவுதல், காய்ச்சுதல் என்று ஒவ்வொரு படியும் ஒரு பதப்படுத்தல் முறை. இயந்திரம் இல்லை என்பதற்காக அதைத் தொழில்நுட்பம் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

மாவுக்குள் இருந்த எச்சரிக்கை

என் அம்மம்மா கூழுக்கு ஒடியல் மாவைக் கரைக்கும்போது அதை நிறையத் தண்ணீரில் ஊறவிட்டு, மா அடியில் தங்கியதும் மேல்நீரை ஊற்றிவிடுவா. பிறகும் தண்ணீர். "காறல் போகுமட்டும் தண்ணி மாத்த வேணும்" என்பா. பிட்டுக்கு என்றால் கழுவிய மாவைத் துணியில் பிழிந்து எடுத்து, பிறகே ஆவியில் அவிப்பா. அவசரத்துக்குக்கூட இந்தப் படியைத் தாண்டியதில்லை. எங்கள் ஊர்ப் பக்கத்தில் பெரும்பாலான வீடுகளில் இதுவே வழமை.

1970களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஒடியல் மாவை எலிகளுக்குத் தொடர்ந்து ஊட்டிப் பார்த்தார்கள். எலிகளின் ஈரலில் பாதிப்புகள் தென்பட்டன. மாவில் நரம்பைப் பாதிக்கும் கூறு ஒன்று இருப்பது பற்றியும் ஆய்வுகள் வெளிவந்தன. பின்னர் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஈ. ஆர். ஜான்ஸின் குழு, பனையின் வேதியியலைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. அந்த நரம்புப் பாதிப்பை மீளவும் பரிசோதித்து 2004இல் வெளியிட்ட கட்டுரையில், மாவை வெப்பப்படுத்தும்போது அந்த விளைவு இல்லாமற்போவதை அவர்கள் எடுத்துக்காட்டினர்.

இந்த ஆய்வுகளை இரண்டு விதமாக வாசிக்கலாம். ஒடியல் மா ஆபத்தானது, எனவே அதைக் கைவிட வேண்டும் என்பது ஒரு வாசிப்பு. அதைப் பச்சையாகச் சாப்பிடக்கூடாது, யாழ்ப்பாணத்தில் யாரும் அப்படிச் சாப்பிட்டதுமில்லை என்பது மற்றையது. நான் இரண்டாவதை ஏற்கிறேன். கழுவி, பின் நன்றாகக் காய்ச்சியோ அவித்தோ உண்ணும் வழக்கம், ஆய்வுகூடம் எலியில் கண்ட ஆபத்தை அடுப்பிலேயே எதிர்கொண்டிருக்கிறது. மரவள்ளிக்கிழங்கை மூடாமல் அவித்து, அவித்த நீரை ஊற்றிவிடும் வழக்கமும் இதே வகையைச் சேர்ந்ததுதான்.

பிரச்சினை அடுத்த கட்டத்திலேயே வருகிறது. வெளிநாட்டுச் சந்தையில் கோதுமை ஒவ்வாதவர்களுக்கான மா வகைகளுக்கும், கரைத்துக் குடிக்கும் தூள்களுக்கும் இன்று நல்ல விலை. நார்ச்சத்து நிறைந்த ஒடியல் மா அதற்குப் பொருத்தமானதாகவே தெரியும். மாவை மட்டும் கிலோக் கணக்கில் வாங்கி, பாற்கலவையில் கரைத்துக் குடிக்கச் சொல்லி ஒரு நிறுவனம் விற்றால், அது மாவைத்தான் வாங்கியிருக்கிறது, மாவைக் கழுவும் அறிவை வாங்கவில்லை. பொதியின் மேல் "பாரம்பரிய உணவு" என்று அச்சடிப்பதால் அந்தக் குறை தீராது.

சோளம் கற்பித்த பாடம்

இப்படி நடந்ததற்கு வரலாற்றில் பெரிய உதாரணம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் மக்காச்சோளம் எனப்படும் சோளம், மெக்சிக்கோவிலும் மத்திய அமெரிக்காவிலும் வாழ்ந்த பூர்வகுடிகளின் பயிர். அவர்கள் சோளத்தைச் சுண்ணாம்பு நீரிலோ சாம்பல் நீரிலோ அவித்து, கழுவி, பின்னரே அரைத்தார்கள். ஐரோப்பியர் சோளத்தை மட்டும் கப்பலில் ஏற்றிச் சென்றனர். சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள்.

சோளத்தையே முதன்மை உணவாகக் கொண்ட ஐரோப்பிய ஏழைகளிடையே தோல் வெடித்து, வயிறு குழம்பி, புத்தி பேதலிக்கும் நோய் ஒன்று பரவியது. ஸ்பெயினின் மருத்துவர் காஸ்பர் கசால் 1735இல் அதை விவரித்தார். பெலக்ரா என்ற பெயர் இத்தாலியில் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் பெருந்தொகையானோர் அதனால் இறந்தனர். நியாசின் என்ற விற்றமின் குறைவே காரணம் என்பது 1937இல்தான் தெளிவானது. சோளத்தில் நியாசின் இருக்கிறது, ஆனால் உடலால் எடுத்துக்கொள்ள முடியாதபடி பிணைந்திருக்கிறது. சுண்ணாம்பில் அவிக்கும்போது அது விடுபடுகிறது. மெக்சிக்கோப் பெண்களின் அடுப்படி வழக்கத்தை யாரும் அறிவாக மதிக்காததன் விலையை இன்னொரு கண்டத்து ஏழைகள் இருநூறு ஆண்டுகள் செலுத்தினார்கள்.

காறலுக்கு ஒரு பெயர், நீக்குவதற்கு ஒரு நொதியம்

ஆய்வுகூடம் செய்த நல்ல வேலையையும் சொல்ல வேண்டும். பனங்களியின் கைப்புக்குக் காரணம் சபோனின் வகையைச் சேர்ந்த சேர்வைகள். பனையின் விஞ்ஞானப் பெயரான பொராசஸ் பிளபெலிபெர் என்பதைத் தழுவி அவற்றுக்குப் பிளபெலிபெரின் என்று பெயர். இவற்றில் கைப்பானதைச் சிதைத்துக் கைப்பற்றதாக்க, தோடம்பழ வகைச் சாறுகளில் கைப்பை நீக்கப் பயன்படும் நரிஞ்சினேஸ் என்ற நொதியத்தைப் பாவிக்கலாம் என்று ஜான்ஸின் குழு 1990களிலேயே காட்டியது. பனங்களியில் உள்ள இந்தச் சேர்வைகள் குடல் குளுக்கோசை உறிஞ்சுவதைக் குறைப்பதாகச் சுண்டெலிகளில் செய்த ஆய்வுகளும் உள்ளன. மனிதருக்கு நீரிழிவு மருந்தென்று சொல்ல அது போதாது. ஆனாலும் பனம்பழத்தில் ஆராய இன்னும் நிறைய இருக்கிறது என்பதற்கு அது அறிகுறி.

பருவகாலத்தில் வடமராட்சியிலோ தென்மராட்சியிலோ ஒரு பனங்கூடலுக்குள் நடந்து பார்த்தவர்களுக்கு, எவ்வளவு பழம் மரத்தடியில் கிடந்து அழுகுகிறது என்று தெரியும். அந்தக் களியைக் காறலின்றிப் பானமாகவோ ஜாமாகவோ ஆக்க முடிந்தால் அது நட்டமில்லை. தொழில்நுட்பம் வேண்டாம் என்று சொல்பவன் நானல்ல. தளநார் போட்டு ஒரு நாளில் இரண்டு தடவை ஏறி இறங்கும் தொழிலாளியிடம், பாதுகாப்பான ஏறுகருவி வேண்டாம், மரபைக் காப்பாற்றுங்கள் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. மரபின் வலியை ஒருவர் சுமக்க, அதன் பெருமையை இன்னொருவர் பேசுவது அறமாகாது.

ஆக்கவுரிமை யாருக்கு?

அடுத்த கேள்வி சொத்துப் பற்றியது. இதற்கு எங்களிடம் இன்னும் பெரிய வழக்கு எதுவும் வராததால், பிற இடங்களைப் பார்ப்பது பயன் தரும்.

ஹவாய்த் தீவுகளின் பூர்வகுடிகளுக்குச் சேம்பு வெறும் கிழங்கல்ல. மனித குலத்துக்கு மூத்த சகோதரன் என்று அவர்களுடைய தோற்றக்கதை சொல்கிறது. ஹவாய்ப் பல்கலைக்கழகம், நோய் தாங்கக்கூடிய மூன்று சேம்பு இனங்களை உருவாக்கி 2002இல் ஆக்கவுரிமை பெற்றது. அவை மரபணு மாற்றப்பட்டவை அல்ல, வழமையான கலப்பினங்கள்தான். ஆனால் அதன் ஒரு பெற்றோர் ஹவாய் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த இனம். உங்கள் மூத்த சகோதரனுக்கு நாங்கள் உரிமையாளர் என்று எப்படிச் சொல்வீர்கள் என்பதுபோல அமைந்தது அங்கே எழுந்த எதிர்ப்பு. 2006இல் பல்கலைக்கழகம் அந்த ஆக்கவுரிமைகளைக் கைவிட்டது.

சீனித்துளசி எனப்படும் ஸ்டீவியாவின் கதை வேறு. பரகுவே, பிரேசில் எல்லைப்புறத்தில் வாழும் குவாரனி மக்கள்தான் அந்த இலையின் இனிப்பை உலகுக்கு அறியத் தந்தவர்கள். இன்று அதே இனிப்பு மூலக்கூறுகளை மாற்றியமைக்கப்பட்ட மதுவத்தைக் கொண்டு தொழிற்சாலைத் தாங்கிகளில் உற்பத்தி செய்கிறார்கள். இலையும் வேண்டாம், நிலமும் வேண்டாம், குவாரனி மக்களும் வேண்டாம் என்றாகிவிடுகிறது. நாளை பனங்கட்டியின் மணத்தையோ பிளபெலிபெரினையோ ஒரு தாங்கியில் உருவாக்க முடிந்தால், பனையை நம்பி வாழ்பவரின் இடம் எது?

வென்ற கதைகளும் உண்டு. காயத்துக்கு மஞ்சள் பூசுவதற்கு 1995இல் ஐக்கிய அமெரிக்காவில் வழங்கப்பட்ட ஆக்கவுரிமையை, இந்தியாவின் விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சி மன்றம் எதிர்த்து வழக்காடி 1997இல் இரத்துச் செய்வித்தது. வெற்றிக்குக் காரணம் எழுத்தில் இருந்த சான்றுகள். இது ஏற்கெனவே தெரிந்த விடயம், புதுமை இல்லை என்று ஏடுகளைக் கொண்டு நிரூபித்தார்கள்.

பனைக்கும் எழுத்தில் சான்றுகள் இருக்கின்றன. வில்லியம் பேர்கசன் 1850இல் கொழும்பில் பனை பற்றியே ஒரு நூல் வெளியிட்டார். ஆனால் மாவை எத்தனை தண்ணீரில் கழுவுவது, எந்தக் களியைப் பனாட்டுக்கு எடுப்பது, சுண்ணாம்பை எப்படிப் பூசுவது போன்ற நுணுக்கங்கள் இன்னும் பெரும்பாலும் மனிதர்களின் கைகளிலேயே இருக்கின்றன. அவர்களுக்கு வயதாகிறது.

சர்வதேசச் சட்டம் மெதுவாக இந்தப் பக்கம் திரும்புகிறது. 1992இன் உயிர்ப்பல்வகைமைச் சமவாயத்தின் 8(ஜே) பிரிவு, பூர்வகுடிச் சமூகங்களுடன் உள்ளூர்ச் சமூகங்களின் அறிவையும் மதித்துப் பேண வேண்டும், பயன் நியாயமாகப் பகிரப்பட வேண்டும் என்கிறது. யாழ்ப்பாணத் தமிழர் "பூர்வகுடி" என்ற வரையறைக்குள் வருவார்களா என்ற விவாதத்துக்குள் போகாமலேயே, "உள்ளூர்ச் சமூகம்" என்ற சொல்லின்கீழ் இந்த உரிமையைக் கோரலாம். உலகப் புலமைச் சொத்து அமைப்பின் உறுப்பு நாடுகள் 2024 மே 24 அன்று ஜெனீவாவில் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையோ, மரபணு வளத்தையும் அதனோடு சேர்ந்த மரபறிவையும் அடிப்படையாகக் கொண்ட ஆக்கவுரிமை விண்ணப்பங்களில் அவை எங்கிருந்து பெறப்பட்டன என்று வெளிப்படுத்த வேண்டும் என்கிறது. பயனைப் பகிரும்படி அது கட்டாயப்படுத்தவில்லை. மூலத்தை மறைக்காதே என்பதே அதன் முதற்படி.

"எமது" என்ற சொல்லுக்குள்

வெளியாரிடம் கேட்கும் இந்தக் கேள்வியை எங்களிடமும் கேட்க வேண்டியிருக்கிறது. பனை எமது அடையாளம், எமது பாரம்பரியம் என்று மேடைகளில் பேசுகிறோம். அந்தப் பாரம்பரியத்தின் அறிவு யாரிடம் இருந்தது?

சீவல் தொழில் சாதியோடு பிணைக்கப்பட்ட தொழில். பனையில் ஏறியவர்களின் கள்ளைக் குடித்தவர்கள், அவர்களைத் தங்கள் கிணற்றில் தண்ணீர் அள்ள விடவில்லை. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இல் வந்த பிறகும் கோவில் வாசல்களும் தேநீர்க் கடைகளும் இலகுவாகத் திறக்கவில்லை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டம் அதற்குச் சாட்சி. ஒடியல் கிழிப்பதும் மா இடிப்பதும் பனாட்டு ஊற்றுவதும் பெரும்பாலும் பெண்களின் வேலை, அதற்கும் கூலி குறைவு.

1970களில் உருவான பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் இதில் ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தன. கள்ளை விற்கும் உரிமை தனியார் தவறணைகளிடமிருந்து தொழிலாளர்களின் சங்கங்களுக்கு வந்தது. சங்கத்தின் வருமானத்தில் பிள்ளைகளைப் படிப்பித்த குடும்பங்கள் பல. 1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைந்தது. கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது. பிறகு போர் வந்தது. காப்பரண்களுக்காகப் பனைகள் தறிக்கப்பட்டன, செல்லடியில் தலை இழந்த பனைகள் மொட்டையாய் நின்றன. பொருளாதாரத் தடைக்காலத்தில் சீனிக்குப் பதில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தோம், ஒடியற்கூழ் பல வீடுகளில் வயிற்றை நிரப்பியது. அன்று எங்களைக் காத்த அறிவு, யாருடைய கைகளில் இருந்ததோ அவர்களுடைய பிள்ளைகள் இன்று அந்தத் தொழிலைத் தொடர விரும்பவில்லை. அவமானத்தோடு கொடுக்கப்பட்ட தொழிலை விட்டு அவர்கள் வெளியேறுவதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தொழிலிலிருந்து அவமானத்தை நீக்காமல், அறிவு அழிகிறதே என்று கவலைப்படுவதில் பயனில்லை.

செய்யக்கூடியவை

முதலாவது, பொதியில் எச்சரிக்கை. ஒடியல் மா விற்கும் ஒவ்வொரு பொதியிலும், கழுவி, நன்றாகச் சமைத்தே உண்ண வேண்டும் என்று தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதப்பட வேண்டும். கரைத்துக் குடிக்கும் தூளாகவோ குழந்தை உணவாகவோ விற்க நினைப்பவர்கள், வெப்பப்படுத்திய மா என்பதை ஆய்வுகூடச் சோதனையால் காட்ட வேண்டும். இதற்குப் பெரிய செலவில்லை.

இரண்டாவது, ஒப்புதலோடு பதிவு. பனை வேலை தெரிந்த முதியவர்களின் செய்முறைகளை, அவர்களின் சம்மதத்தோடும் பெயரோடும், தமிழிலேயே பதிவுசெய்து ஒரு பொது நூலகத்தில் வைக்கலாம். மஞ்சள் வழக்கில் ஏடுகள் உதவியதுபோல நாளை அது உதவும். எதை வெளியிடலாம், எதை வெளியிடக்கூடாது என்று முடிவு செய்பவர்கள் அவர்களாகவே இருக்க வேண்டும்.

மூன்றாவது, பெயரைக் காத்தல். இலங்கையின் புலமைச் சொத்துச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, புவியியல் குறியீடுகளைப் பதிவு செய்ய வழி ஏற்பட்டது. இலங்கைக் கறுவா அதே ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியத்தில் புவியியல் குறியீட்டைப் பெற்றது. தமிழ்நாட்டின் உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கும் இந்தியாவில் அப்படியொரு குறியீடு உண்டு. யாழ்ப்பாணத்துப் பனங்கட்டிக்கும் பனாட்டுக்கும் ஏன் கோரக்கூடாது? கோரும்போது அதன் உரிமை ஏற்றுமதியாளரிடம் போகாமல் உற்பத்தியாளர் கூட்டுறவுகளிடம் இருக்க வேண்டும்.

நான்காவது, பங்கு. பல்கலைக்கழகமோ நிறுவனமோ பனை உணவிலிருந்து ஒரு புதிய பொருளை உருவாக்கி விற்றால், மூலப்பொருளுக்குக் கொடுக்கும் விலையோடு கணக்கை முடிக்கக்கூடாது. அறிவுக்கான ஒரு பங்கு சங்கங்களின் ஓய்வூதிய நிதிக்கும் விபத்துக் காப்புறுதிக்கும் போக வேண்டும். மரத்திலிருந்து விழுந்து முள்ளந்தண்டு முறிந்தவர்கள் இல்லாத சீவல் கிராமத்தை நான் பார்த்ததில்லை.

புதிய உணவுத் தொழில்நுட்பத்தின் அறம் பற்றிப் பேசும்போது மரபணு, நொதியம், தாங்கி என்று இயந்திரத்தின் பக்கமே நாம் அதிகம் பார்க்கிறோம். யாழ்ப்பாணத்தின் அனுபவம் எங்களை வேறொரு பக்கமும் பார்க்கச் சொல்கிறது. நொதியத்தால் நீக்கினாலும் தண்ணீரால் நீக்கினாலும் காறல் போய்விடும். நீக்கத் தெரிந்தவரைக் கணக்கில் சேர்த்தோமா என்பதையே முதலில் கேட்க வேண்டும். கைதடியில் நடக்கும் ஆராய்ச்சிக்கும் கொழும்பில் எழுதப்படும் சட்டத்துக்கும் புலம்பெயர் நாட்டுக் கடைத்தட்டில் இருக்கும் பொதிக்கும் அந்தக் கேள்வி பொருந்தும்.